1974க்குப் பக்கத்தில் ஓர் அம்பு

ஆகஸ்ட் 4, திங்கள்

நெருப்பெரிச்சலில் இருக்கும் எங்கள் பனியன் யூனிட்டில் இன்று செக்கிங் மேசைக்குப் புது ஆர்டர் வந்தது. சென்னையில் டென்னிஸ் ரசிகர்கள் சிலர் சேர்ந்து கேட்ட நானூறு டி-சர்ட். டேவிஸ் கோப்பை இறுதிச்சுற்றுக்கு நம் நாட்டு ஆண்கள் அணி வந்த வருடங்களை முதுகில் அடித்திருக்கிறார்கள். மூன்றே மூன்று. 1966, பக்கத்தில் 1–4. 1987, பக்கத்தில் 0–5. நடுவில் 1974 — பக்கத்தில் ஒன்றுமே இல்லை!

எனக்கு டென்னிஸ் தெரியாது. பிரிண்ட் விட்டுப்போனால் தெரியும். பதினாறு வருடமாகச் செக்கிங்கில் இருக்கிறேன், சும்மாவா?

பிரிண்டிங் மாஸ்டர் சுடலையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "யக்கா, பார்ட்டி ஓகே பண்ணுன சாம்பிள்லயே அப்படித்தான இருக்கு" என்றார். பார்ட்டி கண்ணுக்கும் தப்புமே! குறை இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுவோமே, அந்தச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் — நானூறிலும் 1974க்கு நேராக ஒட்ட வைத்தேன்.

மேனேஜர் சுரேஷ் வந்து பார்த்தார். "கோமளாக்கா கண்ணுக்கு எதுவும் தப்பாதுங்க" என்று சொல்லிவிட்டு, சென்னைக்கு மெயில் போட்டார். சூப்பர்வைசர் வேலை காலியாக இருக்கிறது. பதினைந்தாம் தேதி கொடியேற்றும்போது பெயர் சொல்வார்களாம். எனக்குத்தான் கிடைக்கும் என்று மனசு சொல்கிறது.

ஆகஸ்ட் 5

பதில் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

இன்றும் இல்லை. நாளை மறுநாள் லோடு ஏறவேண்டும். சுரேஷுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "எப்படியும் தோத்ததுதானுங்க. நாமளே 0–5ன்னு அடிச்சுரலாம். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, போதும்."

பேனாவை எடுத்தேன். வைத்துவிட்டேன். எனக்கே தெரியாத நம்பருக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது? மாட்டேன் என்று சொன்னேன்.

"லோடு நின்னா நீங்கதான் பதில் சொல்லோணும், பாத்துக்கங்க." முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

அவ்வளவுதான். சூப்பர்வைசராவது ஒன்றாவது. வீட்டில் சொன்னால் இவர், "உனக்கு எதுக்கு இந்த வீறாப்பு" என்கிறார். வீறாப்பு இல்லை. பயமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

மதியம் சென்னையிலிருந்து ஆர்டர் கொடுத்த சித்ரகலா மேடம் போன் செய்தார். வெளியூர் போயிருந்தாராம். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"அது விட்டுப்போகலம்மா. அந்த வருஷம் நாம ஃபைனல் ஆடவே இல்ல. எதிர்ல தென்னாப்பிரிக்கா. அங்க அப்போ தோல் நிறத்தப் பாத்து ஜனங்கள ஒதுக்கி வச்சிருந்தாங்க. அந்த நாட்டோட ஆடமாட்டோம்னு இந்தியா சொல்லிடுச்சு. கோப்பை அவங்களுக்குப் போச்சு. ஆடாத ஆட்டத்துக்கு என்ன ஸ்கோர் போடுறது? அந்த வெத்து இடத்துக்காகத்தாம்மா இந்தச் சட்டையே அடிக்கிறோம்."

போனை வைத்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சட்டையிலேயே நல்ல இடம் அதுதான். அதையா குறை என்று நானூறு அம்பு ஒட்டிக் காட்டினேன்!

எல்லோருமாக உட்கார்ந்து உரித்தோம். சுடலையும் வந்து உரித்தார். தலைநிமிராமலே சொன்னார்: "எங்கூரு டீக்கடையில எங்க ஆளுகளுக்குத் தனி கிளாசுதான்க்கா. எங்க ஐயா சாவுற வரைக்கும் அங்க டீ குடிக்கல."

பத்து வருடமாக ஒன்றாக வேலை செய்கிறோம். எனக்கு இது தெரியாது. கேட்டதும் இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

லோடு ஏறிவிட்டது. ஸ்டிக்கர் பசை ஒட்டியிருந்த இடத்திலெல்லாம் ஸ்ப்ரே அடித்துத் துடைத்தோம். ஒரு பீஸில் மட்டும் தடம் போகவே இல்லை. கூடுதலாக அடித்த ஒன்றை அதற்குப் பதில் வைத்தோம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றி முடிந்ததும் என் பெயரைத்தான் சொன்னார்கள். சுரேஷ் மிட்டாய் நீட்டிக்கொண்டே, "நல்லவேளைங்க. அன்னைக்கு நீங்க கையெழுத்துப் போட்டிருந்தா நானூறும் குப்பைக்குத்தான் போயிருக்கும்" என்றார். சந்தோஷமாக இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? இரண்டு மிட்டாய் எடுத்துக்கொண்டேன்.

மீந்துபோன அந்த ஒரு பீஸை சுடலை கேட்டு வாங்கியிருந்தார். இன்று அதைத்தான் போட்டு வந்தார். 1974க்குப் பக்கத்தில் என் அம்பின் தடம் மங்கலாகத் தெரிந்தது. எனக்கு உறுத்தியது.

"நாளைக்குக் கொண்டாங்க சுடலை. இன்னொருக்கா ஸ்ப்ரே அடிச்சுப் போக்கிக் குடுக்கறனுங்க."

"வேண்டாம்க்கா. பஸ்ஸுல, கடையில எல்லாரும் அதப் பாத்துட்டு, இங்க என்ன இருந்துச்சுன்னு கேக்காவ. சொல்லுதேன்."