எட்டு நாள் காரம்

சின்னம்மா,

இன்று காலை பக்கத்து வீட்டில் காய்ந்த மிளகாய் வறுத்தார்கள். நெடி பலகைச் சுவரின் இடுக்கு வழியாக நம் அடுப்படிக்குள் வந்துவிட்டது. இரண்டு தும்மல் போட்டுவிட்டு என் வேலையைப் பார்த்தேன். நீங்கள் போன பிறகு இத்தனை மாதமும் அந்த நெடி வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவேன். இன்று போகவில்லை. அதை உங்களிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. உங்களுக்கு எழுத்து தெரியாது. அதனால் எழுதி முடித்ததும் ஒரு தடவை வாய்விட்டுப் படிக்கிறேன்.

அம்மா இறந்ததும் வீட்டைப் பார்த்துக்கொள்ள நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். துறைமுகத்தில் மூட்டை இறக்கும் அப்பா, பிறகு உங்களைக் கட்டிக்கொண்டு சுங்கை பினாங் வீட்டுக்கு அழைத்து வந்தார். எனக்கு அப்போது பதினாலு வயது. உங்களை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல், ஒரு வருஷம் எதுவும் கூப்பிடாமலே ஓட்டினேன். சாப்பாடு ஆயிற்று என்றால் தட்டைச் சத்தம் வர வைப்பேன். "வீட்டுல பூனை வளக்குறோமா, பொண்ணு வளக்குறோமா?" என்று அப்பாவிடம் கேட்டுச் சிரிப்பீர்கள்.

பிறகு உங்களுக்குக் கல்லடைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தீர்கள். கல் வெளியேறிவிட்டது, மறுபடி சேராமல் இருக்கப் பத்தியம் வேண்டும் என்று டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் ஐயா ஒரு காகிதம் எழுதினார். நம் வீட்டில் சரளமாக வாசிக்கத் தெரிந்தவள் நான்தான் என்று அதை என் கையில் கொடுத்து, எழுதியிருப்பதை அப்படியே செய்யச் சொன்னார். புளிப்பு வகைகளை நீக்கவும், கார வகைகளை மிகுதியாகச் சேர்க்கவும் என்று இருந்தது. நோயாளிக்குக் காரமா என்று எனக்கு நெஞ்சு வரை கேள்வி வந்தது. ஆனால் பெஞ்சு நிறைய ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நீர் போகிற வியாதியைப் பற்றி அவர்கள் முன்னால் எப்படிப் பேசுவது? காகிதத்தை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் புளியை எடுத்து மேலே வைத்தேன். எலுமிச்சம்பழத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். உங்கள் கஞ்சிக்கு மிளகாய்த் துவையல், சோற்றுக்கு மிளகுச் சாறு. பாசாரில் மலாய்க்காரப் பெண் விற்ற சிலி பாடி என்ற ஊசி மிளகாயை வாங்கி, அதையும் நசுக்கிப் போட்டேன். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காது சிவக்கும், மூக்கு ஒழுகும், செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பீர்கள். காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று நானும் சொல்லவில்லை. எட்டு நாள் இப்படியே போனது.

ஒன்பதாம் நாள் நம் தெருவில் இருக்கும் தெரேசக்கா உங்களைப் பார்க்க வந்து, துவையலைத் தொட்டு நாக்கில் வைத்தார். அன்று மத்தியானம் தண்ணீர்க் குழாயடியில் எல்லார் காதிலும் விழும்படி, "மூத்தவ மகளுக்கு இப்பத்தான் நேரம் கெடைச்சிருக்கு போல. வாயப் பாத்தா பச்சப் புள்ள" என்றார். நான் பாதிக் குடத்தோடு திரும்பிவிட்டேன். அப்பா வேலை முடிந்து வரும்போது அந்தப் பேச்சு அவருக்கு முன்னால் வீட்டு வாசலுக்கு வந்திருந்தது. துவையலை அவரும் தின்று பார்த்தார். என் முகத்தைப் பார்த்து, "வேணும்னே செஞ்சியா?" என்று கேட்டார்.

நீங்கள் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தீர்கள். "அதட்டாதீங்க. நான்தான் கேட்டேன். வாய் செத்துக் கிடக்கு, காரமா எதாச்சும் போடுன்னு நான்தான் சொன்னேன்."

அது பொய் என்று நம் இருவருக்கும்தான் தெரியும். அப்பா வெளியே போனதும் காகிதத்தைக் கொண்டுவந்து உங்கள் மடியில் வைத்தேன். "இதுல அப்படித்தான் எழுதியிருக்கு, சின்னம்மா" என்றேன். அந்தச் சொல் அப்போதுதான் முதன்முதலாக என் வாயில் வந்தது.

மறுநாள் ரிக்‌ஷா பிடித்து டிரெசர் ஐயாவிடம் போனோம். நான் செய்ததைக் கேட்டு அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மிளகாய்க் காரம் இல்லம்மா. சவுக்காரத்துல இருக்கு பாரு, புளிப்புக்கு எதிரான அந்தக் காரம்."

"அப்ப நாளையிலேருந்து சவுக்காரத்தைக் கரைச்சுக் குடுப்பாளா?" என்று நீங்கள் கேட்டீர்கள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

கீரையும் காய்களும் உடம்புக்குள் போய்க் காரமாகும், இறைச்சியும் முட்டையும்தான் புளிப்பாகும் என்று அவர் விளக்கினார். எலுமிச்சைகூட நாக்குக்குத்தான் புளிப்பாம், உள்ளே போனால் காரமாம். அந்த மருந்தைத்தான் நான் அடுத்த வீட்டுக்குத் தானம் செய்திருந்தேன். நாக்குப் பேச்சை நம்புவதா வயிற்றுப் பேச்சை நம்புவதா என்று வழியெல்லாம் புலம்பினீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டே, நீங்களும் என்னைச் சந்தேகப்பட்டீர்களா என்று கேட்டேன்.

"மூணு நாள் பட்டேன்" என்றீர்கள். "நாலாம் நாள் நீயும் அந்தத் தொவையலைத் தின்னு பாத்து, மூலையில நின்னு அழுதே. கெடுதல் பண்றவ அதைத் தானும் திங்க மாட்டாடி."

அதன் பிறகு இரண்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தீர்கள். கீரை தின்று தின்று ஆடாகிவிட்டேன் என்பீர்கள். அப்புறம் அந்தக் காய்ச்சல் வந்து ஐந்தே நாளில் கொண்டுபோய்விட்டது. எல்லாரும் காய்ச்சல் என்றார்கள். எனக்கு மட்டும், அந்த எட்டு நாள் மிளகாய்தான் உங்கள் உடம்பை உள்ளே அரித்து வைத்துவிட்டதோ என்று இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பூசைக்குப் போனாலும் அதே நினைப்பு.

போன வாரம் அப்பாவின் இருமலுக்கு மருந்து வாங்கப் போனேன். பெஞ்சு நிறைய ஆட்கள். மருந்துச் சீசாவை வாங்கிய பிறகும் நான் நகரவில்லை. என்னம்மா என்றார் டிரெசர் ஐயா. கல்லடைப்பு என்ற சொல்லை அத்தனை பேர் முன்னால் சொன்னேன். மிளகாயையும் சொன்னேன். குரல் எனக்கே கேட்காத மாதிரி இருந்தது, அவருக்குக் கேட்டது.

"இதையா இத்தனை நாளு வச்சிக்கிட்டிருந்தே?" என்றார். "மிளகாய் வாயைத்தான் எரிச்சிருக்கும். வேற ஒண்ணும் பண்ணல. காரம் தாங்காமத் தண்ணி குடிச்சாங்கல்ல, அந்தத் தண்ணி அவங்களுக்கு நல்லதுதான் பண்ணியிருக்கும். போனது காய்ச்சலால, உன்னால இல்ல."

வெளியே வந்து மரத்தடியில் நின்று அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே சிரிப்பும் வந்தது, சின்னம்மா. உங்களைத் தண்ணீர் குடிக்க வைத்த வைத்தியச்சி நான்தான் என்று நீங்கள் இருந்தால் தெருவெல்லாம் சொல்லியிருப்பீர்கள்.

நேற்று தெரேசக்கா ஒரு மருந்துக் காகிதத்தோடு வந்தார். வாசித்துச் சொல்லச் சொன்னார். அதில் ஒரு சொல் எனக்குத் தெளிவாகப் புரியவில்லை. "தெரிஞ்ச மட்டும் சொல்லு, போதும்" என்றார். போதாது அக்கா, கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி, வெயிலில் டிஸ்பென்சரி வரை நடந்தேன். அன்றும் பெஞ்சு நிறைய ஆட்கள். என் முறை வந்ததும் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.