ஏழாம் எண்ணில் பதிந்தது

மார்ச் 4

இன்று நானே எழுதுகிறேன். எழுபத்தொரு வயதில். பக்கத்தில் யாரும் இல்லை. இந்த மூன்று வரிக்குள் காபி ஆறிவிட்டது. ஆறட்டும்.

மார்ச் 5

எழுத்து வகுப்பு எடுக்கும் நர்ஸம்மா தினமும் எதையாவது எழுதச் சொல்லியிருக்கிறார். "எதை எழுதறது?" என்று கேட்டேன். "உங்ககிட்ட நீங்களே பேசுங்க. குறுக்க பேச ஆளில்ல" என்றார்.

சரி, பேசுகிறேன். நாற்பது வருடம் உயரக் கோபுரங்களுக்குப் பெயிண்ட் அடித்தவன் நான். அந்தக் கோபுரங்களில் என்ன ஓடுகிறது என்ற ஆசையில்தான், வீட்டிலிருந்தே ஊர் ஊராகப் பேசும் ஹாம் ரேடியோவுக்கு வந்தேன். உரிமத் தேர்வில் வாயால் கேட்டார்கள், வாயால் சொன்னேன். பின்னறையில் செட் இருக்கிறது. ரேடியோவில் எல்லோரும் என்னை ஏணி என்பார்கள். யாரோடு, எத்தனை மணிக்கு, எந்த அலைவரிசையில் பேசினேன் என்று பதிவேட்டில் எழுதுவது என் மனைவி. எண்கள் எனக்குத் தெரியும். எழுத்துதான் போன வருடம் வரை தெரியாது. இது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

போன வருடம் அவள் கண்ணில் புரை வந்தது. "இனிமே உங்க வெட்டிப் பேச்சை நீங்களே எழுதிக்கங்க" என்று பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டாள். அப்படித்தான் வகுப்புக்குப் போனேன்.

மார்ச் 9

எங்கே பார்த்தாலும் எழுத்து! இத்தனை நாள் இதெல்லாம் சும்மாவா இருந்தது? மாத்திரை அட்டை, பஸ், சுவர், எதையும் விடுவதில்லை. இன்று கடைத்தெருவில் மனைவி கையைக் கிள்ளினாள்.

"வாய மூடிட்டுப் படிங்க. 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்'னு நடுத்தெருவுல கத்துனா, ஜனங்க நம்மள என்ன நினைப்பாங்க?"

மார்ச் 14

எங்கள் ரேடியோ சங்கம் இந்த வகை செட்டுக்குத் தமிழில் ஒரு கையேடு அச்சிட்டுத் தந்திருந்தது. பதினொரு வருடமாக அதை செட்டின் கோணல் காலுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். இன்று உருவி எடுத்தேன். செட் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. இனி அதற்கு அட்டைதான்.

ஒரு நாளுக்கு ஒரு பக்கம். இன்று மெமரி. செட்டில் நூறு இடம் இருக்கிறதாம். ஓர் எண்ணில் ஓர் அலைவரிசையைப் பதிந்து வைத்தால், அடுத்த முறை டயலைத் திருப்ப வேண்டாம், எண்ணை அழுத்தினால் போதும். இது எனக்குக் கைப்பழக்கமாகவே தெரியும். ஒன்று அழுத்தினால் எல்லோரும் கூடும் காலைக் கூட்டம். ஏழு அழுத்தினால் கடிகாரம், அதுவும் ஏணி மாதிரி ஒருவருடைய பட்டப்பெயர்.

மார்ச் 15

ஏழாம் எண்ணைப் பற்றி எழுதப் போவதில்லை.

மார்ச் 17

இருபத்திரண்டாம் பக்கம். ஸ்ப்ளிட். ஓர் அலைவரிசையில் கேட்டு, இன்னொன்றில் பேசுவது. அபூர்வமான நிலையம் ஒன்று வந்தால் ஆயிரம் பேர் ஒரே இடத்தில் கூப்பிட்டு அதன் குரலையே அமுக்கிவிடுவார்கள். அதனால் அவர் ஓரிடத்தில் பேசி, சற்று மேலே தள்ளிக் கேட்பார். இதையும் செய்திருக்கிறேன். போன ஜூலையில் ஒரு தீவுக்காரரைப் பிடித்தேன். இடப்பக்கம் மூன்றாவது பட்டன். அந்த அவசரத்தில் ஏழாம் எண்ணில் இருந்ததை அழித்துவிட்டேன். பேசி முடித்த குஷியில் கடிகாரத்தின் அலைவரிசையை அங்கே மறுபடி பதிந்தேன்.

பக்கத்தின் கடைசியில் இப்படி இருக்கிறது: "ஸ்ப்ளிட்டை அணைக்காமல் சேமித்தால் அதுவும் சேர்ந்தே பதியும். அந்த எண்ணை அழைக்கும் ஒவ்வொரு முறையும் அதே நிலை திரும்ப வரும்."

நான்கு முறை படித்தேன். விரல் வைத்துப் படித்தேன். பிறகு செட்டைப் போட்டு ஏழை அழுத்தினேன். படத்தில் காட்டியிருந்த அதே சொல் திரையின் மூலையில் இருந்தது. அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன். கீழே பொடியாக இன்னோர் எண். அந்தத் தீவுக்காரரைக் கூப்பிட்ட அலைவரிசை.

ஒன்றை அழுத்தினேன், சொல் இல்லை. ஏழு, இருக்கிறது.

ஐயோ. எட்டு மாசமா.

மார்ச் 18

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்ல?

கடிகாரம் மலைக்கு அந்தப் பக்கம் கைக்கடிகாரக் கடை வைத்திருப்பவர். பதினாறு வருடமாகக் காலை ஆறு மணிக்கு நானும் அவரும் ஏழில் பேசுவோம். ஜூலைக்குப் பிறகு நான் கூப்பிட்டால் பதில் இல்லை. அவர் குரல் மட்டும் தெளிவாகக் கேட்கும். "என்ன ஏணி, இன்னைக்கும் தூக்கமா?" என்பார். "இருக்கேன்யா!" என்று கத்துவேன். வேறு யாரோடாவது பேசிச் சிரிப்பார். காலைக் கூட்டத்தில் இருபது பேருக்கு என் குரல் கேட்கிறது. அவருக்கு மட்டும் கேட்கவில்லையா? கூட்டத்தில் "ஆறு மணிக்கு ஏன் வரல?" என்று என்னையே கேட்டார். நடிப்பு என்று முடிவு செய்தேன்.

ஆகஸ்டில் ஒரு நாள் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வெடித்தேன். "கடிகாரத்துக்குக் கை நடுங்குதுன்னுதான் நெனச்சேன், இப்ப காதும் போச்சு. கடையில ரிப்பேர் பாக்கறது அவரு மருமகன். இவரு சும்மா கண்ணுல லென்ஸ மாட்டிட்டு உக்காந்திருக்காரு."

அந்த நடுக்கத்தை அவர் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். அழுதுகொண்டு சொல்லியிருந்தார்.

அன்றிலிருந்து அவர் கூட்டத்துக்கு வரவில்லை.

எனக்கு எழுத்து தெரியாததை அவரிடம்கூட மறைத்தவன் நான். அவர் மறைத்ததை எடுத்து ஊருக்கு வீசினேன். என்ன மனுஷன்டா நீ?

மார்ச் 20

கடிகாரத்துக்குக் கடிதம் எழுதினேன். மூன்று பக்கம். மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.

"கையெழுத்து எப்படி?" என்று வேறு கேட்டுத் தொலைத்தேன்.

"கையெழுத்துக்கு என்ன, முத்து முத்தா இருக்கும். நடுரோட்டுல அடிச்சிட்டு, சந்துக்குள்ள கூட்டிட்டுப் போய் மன்னிப்பு கேக்கறீங்களே, அதான் நல்லால்ல."

கடிதத்தை மடித்து வைத்தேன்.

மார்ச் 21

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம். சொல்லை?

மார்ச் 22

காலைக் கூட்டம். நடத்துபவர் பல் டாக்டர். "ஏணி, உங்க முறை" என்றார்.

சொன்னேன். ஏழாம் எண், ஸ்ப்ளிட், தீவுக்காரர் எல்லாம் சொன்னேன். என் பேச்செல்லாம் வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தது, கடிகாரம் எதையும் கேட்கவில்லை, அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன்.

யாரோ குறுக்கே வந்தார். "திரையிலயே போட்டிருக்குமே அண்ணே, பாக்கலையா?"

"பாத்தேன். எனக்குப் படிக்கத் தெரியாது. இத்தன வருஷமும் தெரியாது. இப்பதான் கத்துக்கறேன்."

செட்டில் வெறும் இரைச்சல். எத்தனை உயரத்திலிருந்து கீழே பார்த்தும் எனக்குக் கால் இப்படிக் கூசியதில்லை.

"அடுத்து யாரு?" என்றார் பல் டாக்டர், மெதுவாக.

மார்ச் 24

ஸ்ப்ளிட்டை அணைத்து ஏழை மறுபடி பதிந்தேன். ஆறு மணிக்குக் கூப்பிட்டேன். யாருமில்லை.

மார்ச் 27

யாருமில்லை. மனைவி காபி வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 30

இல்லை. அவர் ஏன் வர வேண்டும்?

ஏப்ரல் 3

ஆறு மணி பத்து நிமிடம். "ஏணி, இருக்கீங்களா?"

"இருக்கேன். கேக்குதா?"

"கேக்குது." பிறகு, "கூட்டத்துல நீங்க பேசுனத பல் டாக்டர் சொன்னாரு. ஆனா ஆகஸ்டுல நீங்க சொன்னதுலேர்ந்து கடைக்கு வர்ற ஒவ்வொருத்தனும் மொதல்ல என் கையத்தான் பாக்கறான். அதனால பரவாயில்லன்னு சொல்ல மாட்டேன்."

"சொல்லாதீங்க."

"சொல்லல." பெருமூச்சு கேட்டது. "டயலத் திருப்ப முடியல ஏணி. ஓரிடத்துல நிறுத்தறதுக்குள்ள தாண்டிப் போயிடுது. எல்லாத்தயும் மெமரில பதிஞ்சுட்டா பட்டனோட போச்சுன்னு பல் டாக்டர் சொன்னாரு. என்னோடதும் உங்க செட்டுதானே. என் புத்தகம் எங்கயோ தொலஞ்சுது. உங்களுது இருந்தா படிச்சுச் சொல்லுங்க."

கையேட்டை எடுத்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். மைக்கை அழுத்திக்கொண்டு முதல் வரியை எழுத்து எழுத்தாகப் படித்தேன். மூன்றாவது வரியில் சிக்கிக்கொண்டேன். "கொஞ்சம் இருங்க, இந்த வார்த்தை வர மாட்டேங்குது" என்றேன்.

"மெதுவாவே வாங்க," என்றார். "எனக்கும் பட்டன் மேல விரல் நிக்கல."

சேமிப்பதற்கு முன் மூலையில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இல்லை என்றார். மறுபடி பார்க்கச் சொன்னேன். "இல்லய்யா!" என்று அதட்டினார். அப்புறம்தான் அழுத்தச் சொன்னேன்.

நூறு இடத்தில் இன்று இரண்டு பதிந்தோம்.