கோரைக்கு விட்ட இடம்

கபுடோ கரை
9 பிப்ரவரி 2004

அன்புத் தங்கை அவோருக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். தீவுக்குப் போனதிலிருந்து ஒரு பிடி கருவாடுகூட அனுப்பவில்லை நீ. நம் கணவர் உயிரோடிருந்தால், "மூத்தவள மறந்துட்டியாடி?" என்று கேட்டிருப்பார்.

கரைக் குழுவுக்கு என்னைத் தலைவியாக்கிவிட்டார்கள். விக்டோரியா ஏரியில் மீன் ஏன் அற்றுப்போனது என்று உனக்கே தெரியும். கோரையை வெட்டிப் பாய் பின்னினோம், மிச்சத்தைக் கொளுத்திக் கீரை போட்டோம். மீன்குஞ்சுகளுக்கு ஒண்ட இடமில்லை. இனி குடாவில் யாரும் மீன்பிடிக்காதபடி மூடிக் கோரை நடுகிறோம். நீரோரத்து வீடுகள் மேட்டுக்கு ஏற வேண்டும். உன் வீடும்தான். மழைக்கு முன் வந்து பிரித்துக்கொள்.

உன் அக்கா
அபோண்டி


ரெம்பா தீவு
27 பிப்ரவரி 2004

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

கருவாடு இத்துடன் வருகிறது. மீன் காயவைக்கும் வேலை உச்சத்தில் இருக்கிறது. இப்போது கிளம்பினால் முதலாளி வேறு ஆள் வைத்துவிடுவார்.

கோரை நடுவது நல்ல காரியம். வீடு போனால் போகட்டும். வீட்டுக்குப் பின்னால் என் பிள்ளை ஒமோல்லோ இருக்கிறான். மேடு மூத்தவள் பிள்ளைகளுக்கு என்று அன்று சொன்னீர்கள், தாழ்விலேயே புதைத்தேன். மழை முடிந்ததும் வந்து அவனை அவன் அப்பா பக்கத்துக்கு மாற்றிவிடுகிறேன். அதுவரை அங்கே மண்வெட்டி விழ வேண்டாம். அவனுக்குத் தொப்புள்கொடி அறுத்தது உங்கள் கைதானே அக்கா.

கோபிக்காதீர்கள், ஒன்று கேட்கிறேன். உங்கள் மாட்டுக்கொட்டகை என் வீட்டைவிடத் தாழ்வில் இருக்கிறதே, அதுவும் ஏறுகிறதா?

அவோர்


கபுடோ கரை
2 ஏப்ரல் 2004

அன்புத் தங்கைக்கு,

கருவாட்டில் உப்பு கூடிவிட்டது. இருந்தாலும் சாப்பிட்டோம்.

மழை முந்திக்கொண்டது. ஈரம் இருக்கும்போதே நட வேண்டுமென்று மீன்வளத்துறை அதிகாரி அவசரப்படுத்தினார். உன் வீட்டை மரியாதையாகத்தான் பிரித்தோம். தகரம் காவல்கொட்டகைக்கு உதவியது. பின்பக்கம் வந்ததும் கிழவர் ஒசிர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

"புள்ள தூங்குற எடம்மா இது. அவ வரட்டும்."

"தூங்குற புள்ளைக்கு இடைஞ்சல் இல்ல பெரியவரே. உசுரோட இருக்குற புள்ளைங்களுக்கு மீன் வேணும்," என்றேன். நானே முதல் கோரையை ஊன்றினேன். நான் நடாவிட்டால் யாரும் நட்டிருக்க மாட்டார்கள்.

கொட்டகையைக் கேட்டிருந்தாய். மாடு தண்ணீர் குடிக்க வழி வேண்டுமென்று அதிகாரியே எல்லைக்கல்லை வளைத்துப் போட்டார். நான் கேட்கவில்லை. வீணாக மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. நீ வந்தால் என் வீட்டிலேயே தங்கலாம்.

அபோண்டி


ரெம்பா தீவு
15 நவம்பர் 2004

அக்காவுக்கு,

போன வாரம் வந்திருந்தேன். உங்கள் வீட்டுக்கு வரவில்லை.

வெட்டுக்கத்தியோடு இறங்கினேன். கோரை தலைக்குமேல் நின்றது. உள்ளே ஏறி நின்ற ஏரித்தண்ணீர் இடுப்புவரை. காலால் தடவித் தடவி அவன் குழிமேல் வைத்த கல்லைத் தேடினேன். தொட்ட இடமெல்லாம் வேர். குஞ்சுகள் வந்து காலைக் கொத்தின. அத்தனை குஞ்சு என் சிறு வயதில்கூடப் பார்த்ததில்லை. கத்தியை ஓங்கவே முடியவில்லை.

காவல்கொட்டகையிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். புதியவள், என்னைத் தெரியவில்லை.

"ஏய், ஏறு மேல! மூடின எடம்னு தெரியாதா?"

"என் புள்ள இங்க இருக்கான்மா."

"அப்பிடித்தான் எல்லாரும் சொல்றாளுங்க. மீன் திருடத்தானே வந்த?"

கத்தியைப் பிடுங்கிக்கொண்டு, என் வீட்டுத் தகரத்தின் கீழ் பொழுது சாயும்வரை உட்காரவைத்தாள். தலைவியைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

கரை நன்றாக வந்திருக்கிறது. ஊர் உங்களை வாழ்த்தும். நீங்கள் செத்தால் மேட்டில்தான் வைப்பார்கள். சக்களத்தி வந்து முதல் அழுகை அழாமல் உங்களைக் குழியில் இறக்கக்கூடாது என்பது நம் வழக்கம்.

நான் வரமாட்டேன். எனக்காகக் காத்திருந்து உடம்பை நாறவிட வேண்டாம் என்று உங்கள் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அவோர்