கீரைக்காகக் கட்டிய பாத்தி

நவம்பர் 2, இரவு

இன்று கல்லறைத் திருநாள். தெருவே கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தது. நாங்கள் போகவில்லை. அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாமல் இரண்டு வருஷம் ஆகிறது. உடல் கிடைக்கவில்லை. "வந்துடுவாரு" என்று சொல்லியே அம்மா ஒரு பூசைகூட வைக்க விட்டதில்லை.

ஸ்கூலை விட்டதிலிருந்து யாரையும் பார்க்க எனக்குக் கூச்சம். வீட்டுக்குப் பின்னாலேயே வேலை செய்தேன். முகத்துவாரத்துத் தண்ணீர் ஏறி எங்கள் மண் உப்பாகிவிட்டது, கீரை முளைப்பதில்லை. அதனால் பழைய செங்கற்களை முழங்கால் உயரத்துக்கு அடுக்கி, செம்மண் கொட்டி, மேட்டுப் பாத்தி கட்டினேன். நடுவில் கை எட்ட வேண்டுமே என்று அகலத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டினேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

சாயங்காலம் கல்லறையிலிருந்து திரும்பிய பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாடி, வூட்லயே கல்லறை கட்டிகினு கீறே? யாருக்கு?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அம்மா என் பின்னால் நின்றிருந்தாள்.

"பிரிச்சிடறேம்மா," என்றேன்.

அம்மா உள்ளே போய் ஒரு மெழுகுத்திரி எடுத்து வந்தாள். பாத்தியை ஒரு முறை சுற்றி நடந்தாள்.

"ஒங்கப்பாக்குத் தலமாடு எந்தப் பக்கம்டி?"

எனக்கு என்ன தெரியும்? கடல் இருக்கும் பக்கம் கை காட்டினேன். அங்கேயே ஏற்றி வைத்தாள். இத்தனை நாளில் முதல் முறையாக வாய்விட்டு அழுதாள்.

அந்த மண்ணில் இனி விதை போடலாமா என்று அவளிடம் எப்படிக் கேட்பது.