உண்ணாத மீனின் பொருட்டுச் சிறைக்கோட்டத்துக்கு விடுத்த ஓலை

ஏரி நூறு கண்ட பெருமான், வேலியாற்று நாட்டு மன்னர் அரிமாவேளின் ஆணைப்படி, அமைச்சன் கீரன் சாத்தன் வடகோட்டைச் சிறைத்தலைவர் நன்னாகனாருக்கு விடுக்கும் ஓலை. உமது கோட்டை உயர்க. உமது மனையில் விளக்கும் நெல்லும் குறையாதிருப்பதாக. இதை நின்றபடியே படிப்பீராக. அமர்ந்து படிக்க நேரமில்லை.

உமது காவலில் பதின்மூன்று நாளாய் இருக்கும் கொற்றி, அரண்மனைக் குளத்து மீன்களைப் பேணுபவள். சங்குத்தீவின் அரசர் நட்புக்கு அடையாளமாய் அனுப்பிய பொன்னிற மீன் இணையும் அவள் பொறுப்பிலேயே இருந்தது. பரிசாய் வந்த உயிர் முதல் முழுநிலவு நாளில் மன்னர் கையால் இரை உண்டால்தான் நட்பு நிலைத்ததாகும் என்பது நம் வழக்கம். அந்நாளின் காலையில் தூதர் பார்த்திருக்க மன்னர் பொரி தூவினார். பெண்மீன் வந்தது, பார்த்தது, திரும்பிப் போயிற்று. தூதர் முகம் கறுத்தது. அவர் போர்மறவர், மீனை உண்கலத்தில் மட்டுமே கண்டவர்.

மருத்துவர் ஆதன்தேவர் மீனுக்கு நஞ்சு வைக்கப்பட்டது என்றார். மீன் வாயில் முட்டை சுமக்கிறது என்று கொற்றி விண்ணப்பிக்க, அவை சிரித்தது. வயிறு ஒட்டியிருக்கச் சூல் ஏது என்று மருத்துவர் வினவினார். நஞ்சு வைத்த கையே பொய்யும் சொல்கிறது என்று முதலில் உரைத்தவன் இவ்வோலை விடுக்கும் சாத்தனே. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதற்கு இனி வேறு சான்று தேட வேண்டா.

வலைவீசி மீனின் வாயைத் திறந்து பார்க்க அவை முற்பட்டபோது, அஞ்சிய மீன் முட்டைகளைத் துப்பும் அல்லது விழுங்கும், வேண்டுமானால் தன் கையை வெட்டலாம், மீனைத் தொடலாகாது என்று அவள் சொன்னாள். வாய்க்குள் பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தத் தாய் சோறு தின்பாள் என்றும் கேட்டாள். மன்னர் பதினான்கு நாள் கெடு அளித்து, குஞ்சு வெளிவராவிடில் அவள் வலக்கை போகும் என்று தீர்ப்பளித்ததை நீர் அறிவீர்.

அவள் பொய்யை நிறுவவே சாத்தன் நாள்தோறும் குளக்கரையில் அமர்ந்தான். முட்டையை வாயில் வாங்கியபின் வயிறு ஒட்டும், ஆகவே தாடையின் கீழே பாருங்கள் என்று அவள் சொல்லிச் சென்றிருந்தாள். பார்த்தான், தொண்டை பைபோல் தொங்கியது, வாய் முழுதும் மூடவில்லை. மூன்றாம் நாள் மீன் எதையோ மெல்வதைக் கண்டு, திருட்டுத்தனமாய் உண்கிறது, கொற்றி அகப்பட்டாள் என்று மகிழ்ந்தான். சுற்றிலும் இரை ஏதுமில்லை. அது உள்ளிருந்த முட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தது. நோயுற்ற மீன்போல் நீர்மேல் வந்து தள்ளாடாமல், கல்லிடுக்கில் நிலையாய் நின்றது. பதினோராம் நாள் வெயில் சாய்வாய் விழுந்தபோது, தொண்டைத் தோலுக்குள் கரும்புள்ளிகள் இரண்டிரண்டாய் அசைந்தன. அவை கண்கள். சாத்தன் மன்னரிடம் ஓடிச் சொன்னான். மருத்துவர் அது நீரின் நிழலாட்டம் என்றார். கெடு முடியட்டும் என்றார் மன்னர்.

இன்று நண்பகலில், மன்னரும் தூதரும் காண, மீன் வாய் திறந்தது. எள்ளளவுக் குஞ்சுகள் கூட்டமாய் வெளிவந்தன. ஆதன்தேவர் குனிந்தார், அவர் நிழல் பட்டதும் அத்தனையும் தாயின் வாய்க்குள் மீண்டும் புகுந்துகொண்டன.

ஆகவே ஆணையாவது: நாளை விடியலில் நிகழவிருந்த தண்டம் நீங்குக. கொற்றியின் விலங்கு இக்கணமே அகல்க. பல்லக்கு பின்னால் வருகிறது. மீன் இன்னும் உண்ணவில்லை. அதற்கு எதை, எவ்வளவு கொடுப்பதென அரண்மனையில் எவரும் அறியார். ஆயினும் அவள் வர மறுத்தால் வற்புறுத்தலாகாது. மறுக்க அவளுக்குக் காரணம் உண்டு. அவ்வாறாயின் சாத்தன் தானே நடந்து வந்து அவளிடம் பொறுத்தருளக் கேட்பான்.

இது மன்னர் திருமுன் எழுதி, அரசமுத்திரை பதித்தது. முத்திரைக்குக் கீழே சாத்தன் தன் கையால் எழுதுவது: விலங்கை அவிழ்க்கையில் வலக்கையை முதலில் அவிழ்ப்பீராக.