மூன்றாவது டிரைவர்

நாள் 212, காலை 09:10

முகாம் இயல்பாக இருக்கிறது. காற்றழுத்தம் சரி. வெளியே புழுதிப் புயல் வலுக்கிறது. சூரியப் பலகைகள் பாதி மின்சாரம்தான் தருகின்றன.

எழுதுபவர் கோமதிநாயகம், செவ்வாய்த் தென்முகாமின் இயந்திரப் பொறியாளர். இங்கே நான் ஒருவன்தான். பாறை ஆய்வாளர் ஜெசிந்தா பள்ளத்தாக்கிலுள்ள துளையிடும் குடிலில் இருக்கிறார். எங்கள் இருவருக்கும் நடுவே ஓடுவது ஒரு சரக்கு வண்டி. ஆள் ஏற முடியாது. போய்ச் சேர அரை நாள்.

ஓய்வு நேர வேலை: சொந்தச் சாமான்களோடு நான் கொண்டுவந்த சின்ன சிஎன்சி மில்லிங் மெஷினுக்கு, அதாவது கணினி சொன்னபடி உலோகத்தைச் செதுக்கும் இயந்திரத்துக்கு, புதுக் கண்ட்ரோல் போர்டு. பழையது சூடேறினால் பாதை மாறுகிறது. போன வாரம் நான் வெட்டிய சதுரங்கக் குதிரைக்கு ஒரு காதுதான். பழைய போர்டையும் கருகிப்போன மோட்டார் டிரைவர்களையும் பிய்த்து எறிந்துவிட்டேன். டிரைவர் என்பது மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் சிறு பலகை. மெஷினுக்கு மூன்று வேண்டும். உதிரிப் பெட்டியில் புதுப் போர்டும் இரண்டு டிரைவர்களும் கிடைத்தன. மூன்றாவதற்கு அவசரமில்லை.

நாள் 212, பிற்பகல் 14:40

குடிலிலிருந்து:

"அண்ணே, காத்த சுத்தம் பண்ற விசிறி நின்னுட்டு. உள்ள பல்சக்கரம் ரெண்டா உடைஞ்சி கெடக்கு."

"மாத்துச் சக்கரம் இருக்காம்மா?"

"இல்லண்ணே. எல்லாப் பெட்டியும் பாத்துட்டேன். லேசா தல வலிக்கு."

அவர் விடும் மூச்சே அவரைச் சுற்றி நஞ்சாகச் சேர்கிறது. நாளை இரவுக்கு மேல் தாங்காது. பிளாஸ்டிக் சக்கரம் விசிறியின் சூட்டில் இளகிவிடும், அலுமினியத்தில்தான் வெட்டவேண்டும். வெட்டக்கூடிய ஒரே இயந்திரம் என் மேசைமேல் குடல் சரிந்து கிடக்கிறது.

நாள் 212, மாலை 17:25

முகாமில் வேலை செய்யும் டிரைவர் இன்னும் ஒன்றே ஒன்று இருக்கிறது. ஆக்சிஜன் வால்வை இயக்குவது. மின்சாரம் வந்து ஆக்சிஜன் கருவி ஓடும்போது வால்வைத் திறக்கவேண்டும். கருவி நின்றால் உடனே மூடவேண்டும், இல்லாவிட்டால் உள்ளிருக்கும் காற்று அதன் வழியே வெளியேறிவிடும். கைச்சக்கரம் இருக்கிறது. கையால் திருப்பலாம். யாராவது எப்போதும் விழித்திருக்கவேண்டும், அவ்வளவுதான்.

பூமியிலிருந்து: "வால்வு டிரைவரைக் கழற்ற அனுமதி இல்லை. மாற்று வழி தேடுங்கள்."

பதில் வந்து சேர்ந்தபோது டிரைவர் என் உள்ளங்கையில் இருந்தது.

நாள் 213, விடியற்காலை 05:50

தூங்கவில்லை. மூன்று மோட்டாரும் அசைகின்றன. பத்து மில்லிமீட்டர் நகரச் சொன்னால் எட்டுதான் நகர்ந்தது. அளவு மாற்றிச் சரிசெய்தேன். அடுத்த தொல்லை: வெட்டுக்கத்தி சுழலத் தொடங்கியதும், கத்தி ஓரத்து எல்லையில் முட்டிவிட்டதாக நினைத்துப் போர்டு மெஷினை நிறுத்திவிடுகிறது. முட்டவே இல்லை. கத்தி மோட்டாரின் வயரும், முட்டியதைப் போர்டுக்குச் சொல்லும் எல்லை சுவிட்சின் வயரும் ஒட்டிக் கிடந்தன. பிரித்து, சுவிட்ச் வயருக்கு உலோகத் தாள் சுற்றி, ஒரு முனையை மட்டும் எர்த் செய்தேன். இப்போது நிற்கவில்லை.

இடையிடையே ஆக்சிஜன் கருவி நின்றாலோ ஓடத் தொடங்கினாலோ எச்சரிக்கை மணி அடிக்கிறது; அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் வால்வைத் திருப்பிவிட்டு வருகிறேன். ஜெசிந்தாவிடம் இதைச் சொல்லவில்லை.

நாள் 213, காலை 08:30

கடைசிப் பல்லை வெட்டும்போது கத்தி சிக்கியது. மின்சாரம் எகிறி மூன்று டிரைவர்களும் புகைந்தன. மீதியை அரத்தால் ராவி முடித்தேன். சக்கரம் கையில் அழகாகச் சுழல்கிறது. வண்டி புறப்பட்டுவிட்டது.

வால்வுக்குத் திருப்பிப் பொருத்த இனி எதுவும் இல்லை.

நாள் 213, இரவு 20:15

"மாட்டிட்டேன் அண்ணே. ஓடுது. கொஞ்சம் சத்தம் போடுது, ஆனா ஓடுது."

நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். மணி அடித்தது. எழுந்து போனேன்.

"ஏண்ணே, அங்க என்ன மணி அடிச்சிக்கிட்டே இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா."

"சக்கரம் வெட்ட எதக் கழட்டுனிய? சொல்லுங்க."

சொன்னேன்.

"என் துளை மெஷின்ல டிரைவர் இருக்கு. கழட்டி வண்டில வச்சி அனுப்புறேன். விடியறதுக்குள்ள வந்துரும். நீங்க தூங்கிராதீங்க, கேட்டியளா."

நாள் 214, அதிகாலை

நேரம் பார்க்கவில்லை. கண் எரிகிறது. ஒருமுறை வால்வடியில் நின்றபடியே தூங்கிவிட்டேன். எவ்வளவு காற்று போனதோ. ஜெசிந்தா விடாமல் பேசிக்கொண்டே இருக்கிறார். தூத்துக்குடியில் அவர்கள் வீட்டில் நண்டுக் குழம்பு எப்படி வைப்பார்கள் என்று. பாதி கேட்டது. புளி எப்போது ஊற்றினார் என்று

விரல் மரத்துவிட்டது. திறந்தேனா மூடினேனா

மணி

நாள் 214, காலை 06:40
தானியங்கிப் பதிவு. ஒலி மட்டும்.

"அண்ணே, வண்டி உங்க வாசல்ல வந்து நிக்கி. இங்க திரையில தெரியுது. எந்திரிச்சி எடுத்துக்கோங்க."

"மணிச் சத்தம் கேக்கு. எத்தன நேரமா அடிக்கி? வால்வ மூடுங்க மொதல்ல."

"அண்ணே, பக்கத்துலதான் நிக்கி. கதவுக்கு அந்தப் பக்கந்தான்."

"அண்ணே."