நானூற்றுப் பன்னிரண்டாவது துணித்துண்டு

மார்ச் 4

பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கதவோரம் நின்று சொன்னாள்: "இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள பதில் சொல்லணுமாம்."

தூரத்து நகரம். பேக்கிங் கம்பெனியில் வேலை. தங்க இடம் தருவார்கள், வருடத்துக்கு ஒருமுறை விடுப்பு.

வாயில் நுரை. அதனால் எதுவும் சொல்லவில்லை. நுரை இல்லாவிட்டால் சொல்லியிருப்பேனா?

மார்ச் 5

அக்காவின் பைத் தொழிற்சாலை மூடி ஐந்து மாதம். நான்கு மாதமாக அவளும் அங்கே உடன் இருந்த இருவரும் சமூகக் கூடத்தின் பின்னறையில் பைகளையும் பெட்டிகளையும் பழுது பார்க்கிறார்கள். கத்தரி அக்கா அங்கே துணி வெட்டியவர். வாயும் அதே வேலையைச் செய்யும். மோட்டார் அண்ணன் தையல் இயந்திரங்களுக்கு வைத்தியர். இப்போதுள்ள இரண்டு இயந்திரங்களும் இரவல். மாதக் கடைசியில் போய்விடும்.

கூடத்துப் பலகையில் அறிவிப்பு: வட்டாரத்தில் வேலை உருவாக்கும் சிறுதொழில்களுக்கு மானியம். கிடைத்தால் சொந்த இயந்திரம், மூன்று பேருக்கு ஓராண்டுச் சம்பளம். கிடைக்காவிட்டால் அக்காவுக்கு ரயில்.

விண்ணப்பம் எழுதுவது நான். "எம்.ஏ. எதுக்காவது உதவட்டும்" என்றார் கத்தரி அக்கா.

மார்ச் 8

முடித்தேன். 'தேவை இருப்பதற்கான ஆதாரம்' என்ற கட்டத்தில் எழுதினேன்: "கிழிந்த ஒவ்வொரு பையும் ஒரு பயணத்தின் இடைநிறுத்தம்."

எழுதியதும் எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்தேன்.

அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல நாங்க எங்கடி இருக்கோம்?"

இலக்கியம் தெரியாதவள். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 14

மானியக் குழுவிலிருந்து கடிதம். பதினெட்டாம் தேதி நேரில் பார்க்க வருகிறார்கள்! கத்தரி அக்கா என் கன்னத்தைக் கிள்ளினார். இன்னும் வலிக்கிறது.

மார்ச் 15

அக்கா பரணிலிருந்து பெட்டியை இறக்கியிருக்கிறாள். தூசி துடைக்கத்தானாம்.

மார்ச் 17

அறையில் தரை தெரியாது. பள்ளிப் பைகள், சக்கரம் போன பெட்டிகள், வார் அறுந்தவை. "வர்றவங்க காலை எங்க வைப்பாங்க?" என்று கேட்டது நான்தான். மூன்று பேரும் இரண்டு நாள் நிமிராமல் தைத்து, எல்லாவற்றையும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள்.

கதவுக்குப் பின்னால் கம்பியில் கோத்துத் தொங்கிய துணித்துண்டுகளையும் கழற்றினேன். ஒரு பை வந்தால் ஒரு துண்டு; இரண்டு பாதியிலும் ஒரே எண். ஒரு பாதி பைக்காரருக்கு, இன்னொன்று பைமேல். வேலை முடிந்ததும் பைமேல் இருந்தது கம்பிக்குப் போகும்.

"அதத் தூக்கிப் போட்டுறாதே!" அக்கா கத்தினாள்.

"குப்பை மாதிரி இருக்குக்கா."

"பழைய கம்பெனில துண்டு இல்லேன்னா கூலி இல்ல. தொலைச்சுட்டு நின்னிருந்தா தெரியும் உனக்கு."

சாக்கில் போட்டு மேசைக்கு அடியில் தள்ளினேன். அறை இப்போது ஒரு நல்ல கவிதை மாதிரி இருக்கிறது. தேவையற்றது எதுவுமில்லை.

மார்ச் 18

வந்தது ஒரே ஒரு அம்மா. கையில் கோப்பு, தோளில் பை. வாசலிலேயே நின்று பார்த்தார். தரை பளபள. அலமாரி காலி. இயந்திரங்கள்மேல் உறை. மூன்று பேரும் குரூப் போட்டோவுக்கு நிற்பதுபோல்.

"நல்லா இருக்கு. வேலை எங்கே?"

"முடிச்சுக் குடுத்துட்டோங்க" என்றார் மோட்டார் அண்ணன்.

"எல்லாமே?"

"எல்லாமே!" பெருமையாகச் சொன்னார், பாவம்.

அந்தம்மா என் விண்ணப்பத்தைப் புரட்டினார். 'இடைநிறுத்தம்' வரியில் விரல் நின்றது. "இது எனக்குப் புரியல. வேலை வருதான்னு கேட்டிருந்தோம்."

காது சுட்டது. முட்டாள், முட்டாள். நான்தான் துடைத்தேன். எல்லாத்தையும் நானேதான் துடைச்சுட்டேன்.

கத்தரி அக்கா மட்டும் அந்தம்மாவின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜிப் போன பை, இரண்டு ஊக்கு குத்தியிருந்தது.

"இதுக்கு மேல என்னால பார்த்துட்டு நிக்க முடியாதுங்க. அதக் கழட்டிக் குடுங்க."

"ஐயோ, நான் இலவசமா எதுவும் வாங்கக் கூடாது."

"இலவசம்னு யாரு சொன்னா? காசு உண்டு. வரிசையும் உண்டு. இன்னிக்கு நீங்கதான் முதல் ஆளு."

அந்தம்மா சிரித்துவிட்டார். பையைக் காலி செய்து கொடுத்தார். கத்தரி அக்கா துணியை வெட்டி, எண் எழுதி, ஒரு பாதியைப் பையில் குத்தி மறுபாதியை நீட்டினார்.

"நானூத்திப் பன்னெண்டா?"

"ஆமாங்க."

"எதுல இருந்து ஆரம்பிச்சீங்க?"

"ஒண்ணுல இருந்துதான்" என்றாள் அக்கா. குனிந்து சாக்கை இழுத்தாள். மேசையில் கவிழ்த்தாள்.

ஒவ்வொன்றிலும் எண், தேதி, கோளாறு. ஜிப். ஜிப். வார். சக்கரம். அந்தம்மா ஒன்றை எடுத்துக் கண்ணருகே பிடித்தார்.

"எலியா?"

"கடிச்சுருச்சுங்க. அந்தப் பை ரெண்டு தடவை வந்துச்சு. எலி ஒண்ணுதான்" என்றார் கத்தரி அக்கா.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அரை மணி நேரம். துண்டுகளைப் புரட்டியபடியே கேட்டார்: "இதை ஏன் எழுதல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அழகா இல்லேன்னு நெனச்சேன்" என்றேன்.

திருத்தித் தர ஒருநாள் அவகாசம் உண்டாம். அதற்குள் தைத்து முடித்திருந்த புது ஜிப்பை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

மார்ச் 19

"நான்கு மாதங்களில் 412. ஜிப் 203, வார் 96, சக்கரம் 71, மற்றவை 42. மற்றவற்றில் எலி 2."

அக்கா படித்தாள். "இப்ப இருக்கோம்."

மார்ச் 24

பதில் இல்லை. நாளை இருபத்தைந்து. பெட்டி கட்டிலடியில், பாதி நிரம்பி.

"போகாதேக்கா" என்றேன். சொல்லிவிட்டேன்.

"இத்தனை நாளா வாய்ல என்னடி வச்சிருந்தே?"

நுரை.

சிரிக்க ஆரம்பித்து இருவராலும் நிறுத்த முடியவில்லை. அவள் ஏன் சிரித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

மார்ச் 25

அக்கா அந்தக் கம்பெனிக்குப் போன் செய்து ஏப்ரல் பத்து வரை தவணை வாங்கிவிட்டாள். நான் சொல்லியிருக்காவிட்டால் கேட்டிருக்கவே மாட்டாளாம்.

ஏப்ரல் 1

இரவல் இயந்திரங்கள் போய்விட்டன. கை ஊசிதான். கத்தரி அக்காவின் வாய் மட்டும் முழு வேகத்தில் ஓடுகிறது.

ஏப்ரல் 9

குழுவிடமிருந்து உறை வந்தது. தடிமனாக. மோட்டார் அண்ணன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் எக்ஸ்ரே மாதிரித் தூக்கிப் பார்த்தார். "பிரிங்கய்யா!" என்று மூன்று பெண்களும் ஒரே குரலில்.

மே 2

துணித்துண்டு 571. எண் எழுதுவது இப்போது என் பொறுப்பு. கோளாறை ஒரே சொல்லில் எழுத வேண்டும் என்று கத்தரி அக்காவின் உத்தரவு.

மானியத்தில் வாங்கிய புது இயந்திரங்களை மோட்டார் அண்ணன் யாரையும் துடைக்கக்கூட விடுவதில்லை. தரை மறுபடி தெரியவில்லை.

மதியம் ஒருவர் வந்து, அலமாரிமேல் இருந்த பெட்டியைக் காட்டினார். "இது விலைக்கா?"

"இல்லீங்க, என்னோடது" என்றாள் அக்கா.

"ஊருக்குக் கிளம்புறீங்களா?"

அக்கா பெட்டியை இறக்கி மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே நூல்கண்டுகள், நிறம் நிறமாக, விளிம்பு வரை.